பேரீச்சங்கொட்டை விழுந்த கூறு

காலை ஐந்து மணி பத்து நிமிடம். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. கரையில் நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி வெள்ளை ஷூவை. ஈர மணலில் நண்டு வளைகளைத் தாண்டித் தாண்டி, என் அப்பாவின் வள்ளத்தை நோக்கி அது வந்துகொண்டிருந்தது. ஷூவுக்கு மேலே ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கீழ் வரை ஏறிய முகக்கவசம். ஷூ போட்டுக்கொண்டு கடலுக்கு வந்த ஒருவனை எங்கள் ஊர் அன்றுதான் முதலில் பார்த்திருக்கும்.

மாடிவீட்டுப் பையன். என் வயதுதான். எங்கள் தெருக்கோடியில் மாடி வைத்த வீடு அவனுடையது ஒன்றுதான். அவன் வாப்பா துபாயில் இருந்தார்.

அவன் தண்ணீர் ஓரத்தில் நின்று ஷூவைக் கழற்றினான். காலுறைகளை உருட்டி உள்ளே செருகினான். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தான். அப்பா வள்ளத்தில் இருந்தபடி என்னிடம் சொன்னார்:

"ஏலே, அத வாங்கி வையி."

பிறகு அவனிடம், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில்:

"நீங்க வாங்க தம்பி. கையக் குடுங்க. பாத்து, பாத்து."

வள்ளம் நகர்ந்தது. கரையில் நான் ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பூ மணம் அடித்தது. அவர்கள் வீட்டில் ஷூவுக்குக்கூட அத்தர் பூசுவார்கள் போல என்று நினைத்தேன்.

அவன் உட்கார்ந்திருந்த இடம் எனக்குச் சொல்லப்பட்ட இடம். அந்த முழுப்பரீட்சை விடுமுறையில் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பரீட்சையே நடக்காமல் எங்களை எட்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். விடுமுறை மார்ச் மாதமே வந்துவிட்டது. அதோடு கொரோனாவும் வந்துவிட்டது.

எங்கள் ஊர் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில், வடகடல் ஓரம். பாலத்தில் போலீஸ் நின்றது. மீன் வண்டி வரவில்லை, காய்கறி வண்டி நினைத்தபோது வந்தது. விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. கொஞ்ச நாள் கழித்து, வள்ளங்கள் மட்டும் முறை வைத்துப் போகலாம், ஒரு வள்ளத்தில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று அனுமதி வந்தது. பிடித்து வந்த மீனை விற்க ஆள் இல்லை. தின்னத்தான் முடியும்.

எங்கள் வேதக்கோயில் பூட்டியிருந்தது. ஞாயிறு பூசையைச் சாமியார் செல்போனில் வைத்தார். அம்மா அதை அலமாரியில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் முக்காடு போட்டு முழங்காலிட்டாள். நடுவில் யாராவது போன் செய்தால் பூசை நின்றுவிடும். கோயிலில் வழக்கம்போல் நடந்தது மணி அடிப்பது ஒன்றுதான். காலையிலும் மாலையிலும் உபதேசியார் தனியாகப் போய் அடித்துவிட்டு வருவார். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்ப்பவர் அவர். எங்களுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவரும் அவர்தான்.

கோயில் வளாகத்தில் ஆளுக்கு ஆள் தள்ளி நின்று கமிட்டி கூடியது. வேலியின் மேல் உட்கார்ந்து நான் பார்த்தேன். ஒவ்வொரு வள்ளத்திலும் பிடிபடும் மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு, வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த இரண்டையும் ஊருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. வீடு வீடாகக் கொண்டு போகும் வேலை அன்பியங்களுக்கு. அன்பியம் என்றால் பத்திருபது வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். எங்கள் அன்பியத்துக்கு அம்மா தலைவி.

"நம்ம ஆளுகளுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மணிச் சத்தம் எதுவரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும்" என்றார் உபதேசியார்.

"காத்து திரும்புனா பாலந்தாண்டி மண்டபத்துக்கே கேக்குமே உபதேசியாரே!"

"கேட்டா அங்கனயும் குடுப்போம்."

அப்படித்தான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கின. அவர்களில் ஒரு அக்கா எங்கள் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து கஞ்சி காய்ச்சினாள். காய்ச்சல் கண்ட வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் சாப்பாட்டை வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். ஓடுகிற வேலைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள்.

மணிச் சத்தம் மாடிவீட்டுக்கும் கேட்கும். அம்மா அங்கே முதலில் சோறும் குழம்பும் கொண்டு போனது ரமலான் பிறந்த இரண்டாம் நாள், நடுப்பகலில். மணல் சுட, பெரிய தூக்குவாளியோடு கேட்டில் போய் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் உம்மாவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி சிரித்துவிட்டாள்.

"நோன்பு தங்கச்சி, நோன்பு!"

"அய்யோ லாத்தா, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

மறுநாள் சாயங்காலம் அம்மா அரிசிப் பையோடு போனாள். அதுவும் திரும்பி வந்தது, மேலே நாலு பேரீச்சம்பழத்தோடு. "அல்லாஹ் புண்ணியத்துல நாங்க நல்லாத்தான் இருக்கோம் தங்கச்சி, இல்லாத வீட்டுக்குக் குடுங்க" என்று மாமி சொல்லி அனுப்பியிருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

"அங்கன அடுப்பே எரியலங்க. அவுக வாப்பா துபாயில ரூமுக்குள்ள கெடக்காகளாம், ரெண்டு மாசமா காசு வரல. குடுத்தா வாங்க மாட்டேங்குது அந்தப் பொம்பள."

"குடுக்க வேணாம்" என்றார் அப்பா. "கடலுக்குப் போயி பங்கு வாங்குறதுல யாருக்கும் வெக்கம் இல்லேல்ல?"

நானும் அங்கேதான் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது துபாய் என்ற ஒரு சொல் மட்டும். துபாய் என்றால் எனக்கு கியர் வைத்த சைக்கிள், டேப்லெட், பெட்டியோடு வரும் சாக்லேட். அந்த மூன்றும் அவனிடம் இருந்தன. மறுநாள் அப்பாவின் வள்ளத்தில் இடமும் அவனுக்குக் கிடைத்தது. இத்தனை நாள் அந்த இடத்தில் போய்க்கொண்டிருந்த சித்தப்பா, "கோயில் அரிசி மூடைக்குக் காவல் வேணும்ல" என்று கரையில் நின்றுவிட்டார்.

அவர்கள் பத்து மணி வாக்கில் கரை திரும்பினார்கள். அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. நோன்பு வயிற்றில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டதாக மாமா சொன்னார். அவர் அம்மாவின் அண்ணன், வள்ளத்தில் அப்பாவுக்குக் கூட்டு. மூன்றாவது ஆள் பெரியப்பா மகன். அம்மா கொடுத்துவிட்ட கஞ்சித் தூக்கு திறக்காமலே திரும்பி வந்தது. நோன்பு வைத்திருக்கும் பையன் முன்னால் எப்படிக் குடிப்பது என்று மூன்று பேரும் குடிக்கவில்லையாம். அதே அப்பாதான் நான் முதல் முறை நற்கருணை வாங்கும் புது நன்மைக்கு முன் உபவாசம் இருந்தபோது, என் முன்னால் உட்கார்ந்து வறுத்த சூடை மீனைக் கடித்துத் தின்றவர்.

பிறகு கூறு போட்டார்கள். எங்கள் கடற்கரையில் ஆள் பங்கை மணலில் கூறுகளாகக் குவித்துவிட்டுக் குறி போடுவது வழக்கம். கடலுக்குப் போன ஒவ்வொருவரும் கையில் அகப்பட்ட ஒரு பொருளைக் குறியாகக் கொடுப்பார்கள். அப்பா எப்போதும் வலைக்கயிற்றுத் துண்டு கொடுப்பார், மாமா ஒரு சோழி. பெரியப்பா மகன் காதில் செருகியிருக்கும் பீடி. வள்ளத்தில் போகாத ஒரு பையனின் கண்ணைத் துண்டால் கட்டி, குறிகளை அவன் கையில் கொடுப்பார்கள். அவன் வரிசையாகக் கூறுகளின் மேல் ஒவ்வொன்றாக வைப்பான். யார் குறி எந்தக் கூறில் விழுந்ததோ அது அவருக்கு. குறி விழுந்த கூறை வேறு யாரும் தொடக்கூடாது.

அந்த ஆண்டு குறி வைக்கும் பையன் நான்தான். சித்தப்பா கண்ணைக் கட்டி, தோளில் கை வைத்து நடத்திக்கொண்டு போவார். உபதேசியார் சாட்சியாக நிற்பார்.

மாடிவீட்டுப் பையன் சட்டைப்பையில் துழாவி ஒரு பேரீச்சங்கொட்டையை எடுத்துக் கொடுத்தான். என் உள்ளங்கையில் மற்ற மூன்றையும்விட அது வழுவழுப்பாக இருந்தது. நான் குனிந்து ஒவ்வொன்றாக வைத்தேன். துண்டின் முடிச்சு இறுகிவிட்டது என்று சித்தப்பா அவிழ்க்க நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது, இருந்ததில் பெரிய பாறை மீன் கிடந்த கூறின் மேல் பேரீச்சங்கொட்டை உட்கார்ந்திருந்தது.

"மாடிவீட்டுத் தம்பிக்கு ராசியான கை" என்றார் உபதேசியார், என்னைப் பார்த்து.

மறுநாள் அவன் வெறுங்காலோடு வந்தான். அன்று கணவாய் கிடந்த கூறில் கொட்டை விழுந்தது. அதற்கடுத்த நாள் சீலா. நான் குறிகளைக் கைக்குள் நன்றாகக் குலுக்கிப் பார்த்தேன். வழுவழுப்பாக இருப்பதை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கிப் பார்த்தேன். அடுத்த நாள் முதலில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் வரிசையின் மறுமுனையிலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னேன். "எங்கிட்டு இருந்து வேணாலும் வையிலே" என்று சித்தப்பா திருப்பி நிறுத்தினார். அன்றும் கொழுத்த கூறு அவனுக்குத்தான். சைக்கிளும் ஷூவும் வாப்பா அனுப்பியது என்று வைத்துக்கொள்ளலாம். அதிர்ஷ்டத்தை யார் அனுப்பினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் என் கையாலேயே போய்ச் சேர்ந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று காற்று கொஞ்சம் கூடுதல். அவன் வள்ளத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டே வந்தான் என்றும், வலையில் கையே வைக்கவில்லை என்றும் பெரியப்பா மகன் சொல்லிச் சிரித்தான். கண்கட்டை அவிழ்த்தார்கள். ஊளி மீன் இரண்டு, மேலே பேரீச்சங்கொட்டை.

"வாந்தி எடுக்கிறவனுக்கு முழுப் பங்கா?" என்று கத்திவிட்டேன். "புது ஆளுக்கு அரைப் பங்குதான வழக்கம்? நான் போனா எனக்கு அரதான போடுவீக?"

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏலே கூறுகெட்டவனே, அவன் எடுக்கிற வாந்திக்குத்தாண்டா மீனே வருது. எர போடுறவனுக்கு முழுப் பங்கு குடுக்காம ஒனக்கா குடுப்பாக?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பகடிக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

"எனக்கு வேணாம் மாமா" என்றான் அப்பாவிடம். "அவன் சொல்றது சரிதான். நாளைக்கி அவனயே கூட்டிட்டுப் போங்க."

அவன் மேட்டில் ஏறித் தெருவுக்குள் போய்விட்டான். கூறு மணலிலேயே கிடந்தது. நான்கைந்து காக்கைகள் இறங்கின. உபதேசியார் தோள் துண்டை வீசி அவற்றை விரட்டினார். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஊளி மீன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீதான குறி வச்ச. நீயே கொண்டு போயிக் குடு."

ஓர் அலுமினியச் சட்டியில் மீனை அள்ளிக்கொண்டு புறப்பட்டேன். உபதேசியார் பின்னாலேயே வந்து நிறுத்தினார்.

"மாமிகிட்ட என்ன சொல்லுவ?"

"மீனு குடுத்துவிட்டாகன்னு."

"குடுத்துவிட்டாகன்னு சொன்னா அது வாங்காது. குறி விழுந்த கூற விட்டுட்டுப் போனா மறுநா வல வெறுமையா வரும், அதனால எங்க வள்ளத்துக்குத்தான் கேடு, அப்படின்னு சொல்லு."

பூனை குறுக்கே போனால் ஆகாது, பல்லி சொன்னால் பலிக்கும் என்பதெல்லாம் பொய் என்று ஒரு ஞாயிறு முழுவதும் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் அவர். நம்பினால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

"அப்படி ஒரு சாத்திரம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னைலேருந்து இருக்கு. ஓடு."

தெருக்கோடி வரை நடந்தபோது நான் வேறு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட் ஓரத்தில் சட்டியை வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் திரும்பிவிட்டால், அவன் நாளை வர மாட்டான். வள்ளத்தில் ஓர் இடம் காலி. அதை எனக்குத் தந்தாக வேண்டும். கேட்டை அடைவதற்குள் எனக்குத் துடுப்புப் பிடிக்கவே தெரிந்துவிட்டது.

ஆனால் மாமி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னப்பா?" என்றாள். நான் மனப்பாடம் செய்தவன் போல் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன்.

"யாரு சொல்லிவிட்டா?"

"உபதேசியார்."

"வேதக்காரவுகளுக்கு இப்படியெல்லாம் சாத்திரம் உண்டா?"

"உண்டு மாமி. இன்னைலேருந்து."

அவள் என் முகத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை.

வாசலிலிருந்து கூடம் தெரிந்தது. ஃப்ரிட்ஜின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. தட்டுகளில் மடித்த துணிகளும் அவனுடைய பாடப்புத்தகங்களும் இருந்தன. பெருநாளுக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறார்கள், அதனால் பழையதை ஒழித்துப்போட்டிருக்கிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜே கிடையாது. படியோரம் நிற்கும் கியர் சைக்கிளும் அன்று இல்லை. அதற்கும் புதுசு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி சட்டியைக் கழுவித் திருப்பித் தந்தாள். வெறும் சட்டியாகத் தரவில்லை. முற்றத்து மரத்திலிருந்து ஒடித்த ஒரு கொத்துக் கறிவேப்பிலை அதில் இருந்தது.

"ஒங்க வாப்பாகிட்டச் சொல்லு. புள்ள நாளைக்கி வருவான். எங்களால ஒங்க வலைக்குக் கொற வர வேணாம்."

மறுநாள் ஐந்து மணிக்கு அவன் கரையில் நின்றான். நேற்று எதுவுமே நடக்காததுபோல் என்னிடம், "இன்னைக்கி எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்கேன், மோந்து பாத்தா வாந்தி வராதாம்" என்றான். நான் குனிந்து ஒரு நண்டு வளைக்குள் மணலைத் தள்ளினேன். உபதேசியாரின் சாத்திரம் ஊரில் பரவிவிட்டது. தங்கள் கூறை விட்டுவிட்டு யாரும் போகக்கூடாது என்று சின்னப் பையன்கள் பயத்தோடு பேசிக்கொண்டார்கள். அவர் வழக்கம்போல் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் வரை அவன் வந்தான். மெல்ல மெல்ல வாந்தி நின்றது. வலையிலிருந்து மீனைக் கழற்றக் கற்றுக்கொண்டான். ஒரு நாள் அப்பா வீட்டுக்கு வந்து, "பய கை நல்ல சுறுசுறுப்பு" என்று அம்மாவிடம் சொன்னபோது, நான் சோற்றுத் தட்டோடு எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டேன். அந்த நாட்களில் பேரீச்சங்கொட்டை ஒருமுறைகூடச் சின்னக் கூறில் விழவில்லை. பெருநாள் அன்று மாமி ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்த வட்டலப்பம் கொடுத்துவிட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன். அம்மா வற்புறுத்தவில்லை. என் பங்கைச் சித்தப்பா வழித்துத் தின்றார்.

மழை தொடங்கும் முன் அவன் வாப்பா விமானம் கிடைத்து வந்து சேர்ந்தார். அவர்கள் இப்போது ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறார்கள். நான் அந்த ஆவணி மாதம் கடலுக்குப் போனேன். வாந்தி எடுத்தேன். அரைப் பங்கு வாங்கினேன். அப்போதும் என் மனத்தில் இருந்தது அவனுடைய கை ராசிதான். அப்படி ஒரு ராசி எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் உபதேசியாரிடமே கேட்டேன். கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று வைத்திருப்பார் என்று சொல்லிவிட்டு, அவர் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் வள்ளம் கரைக்கு வந்தது. கூறு போட்டார்கள். குறி வைக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, கண்ணைக் கட்டிவிடும்படி என்னிடம் துண்டைக் கொடுத்தார்கள். கட்டி முடித்து நிமிர்ந்தேன்.

குறி வைக்கிற பையனுக்கு மட்டும்தான் கண்ணைக் கட்டுவார்கள். சுற்றி நிற்கிற வேறு யாருக்கும் கட்டுவதில்லை.